குடும்பச் சொத்தின் கைமாற்றமும் வரிச் சட்டங்களும்

பெற்றோர் தேடிய சொத்து மக்களைச் சேர்வதற்கு இரண்டு வழிகள் உள்ளன. உயிருடன் இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுவது ஒன்று. தம் காலத்துக்குப் பின் சேருமாறு விட்டுவைப்பது மற்றொன்று. இவற்றுள் எதைத் தேர்வது என்பது அந்தந்தக் குடும்பத்தின் சொந்த விவகாரம் என்றே தோன்றும். ஆயினும் 1953 அக்டோபர் 15 முதல் 1985 மார்ச் நடுப்பகுதி வரை, ஓரளவு வசதியுள்ள எந்தக் குடும்பத்திலும் இத்தேர்வு வரியை எண்ணியே செய்யப்பட்டது. எஸ்டேட் தீர்வை என்று சட்டத்தில் பெயர் பெற்று, மக்கள் பேச்சில் மரண வரி என்று வழங்கிய வரி அது. அதற்குத் துணையாக 1958இல் வந்த நன்கொடை வரி 1998 வரை நீடித்தது. இரண்டும் இன்று இல்லை. ஆனால் அவை இருந்த காலத்தில் உருவான அச்சங்களும், பத்திரம் எழுதும் பழக்கங்களும் அவற்றோடு மறைந்துவிடவில்லை.

இப்பொருள் பெங்களூரில் வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1945இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்குழுவும், 1976இல் அதன் இடத்துக்கு வந்த பெங்களூர் வளர்ச்சி ஆணையமும் ஒதுக்கிய மனைகளில் வீடு கட்டியவர்களுள் பலர் மாதச் சம்பளக்காரர்கள். இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை, இந்துஸ்தான் இயந்திரக் கருவிகள், பாரத் மின்னணு நிறுவனம் ஆகியவற்றில் வேலை பார்த்துச் சேமித்த பணத்தில் முப்பதுக்கு நாற்பது அடி மனை ஒன்றை வாங்கி வீடு எழுப்பியவர்கள் அவர்கள். வீட்டைத் தவிர அவர்களிடம் பெரிய சொத்து ஏதும் இல்லை. அந்த ஒரு வீடே இன்று கோடிகளில் மதிப்பிடப்படுகிறது. அதை எழுதிக் கொடுப்பதா, விட்டுவைப்பதா என்னும் கேள்வியில் ஒரு முதிய தம்பதியின் தங்குமிடமே அடங்கியிருக்கிறது.

வரியின் வரலாறு

மரண வரி திடீரென வந்ததன்று. பின்னாளில் மைசூர் மகாராஜாவின் அந்தரங்கச் செயலாளராகப் பணியாற்றிய சர் சார்லஸ் டாட்ஹண்டர் தலைமையில் 1924-25இல் அமைந்த வரி விசாரணைக் குழுவே அதை ஆராய்ந்தது. 1946 முதல் மசோதாக்கள் வருவதும் காலாவதியாவதுமாக இருந்தன. சி.டி. தேஷ்முக் நிதியமைச்சராக இருந்தபோது 1953இல் சட்டம் நிறைவேறியது. செல்வக் குவிப்பைக் குறைப்பது, மாநிலங்களின் வளர்ச்சித் திட்டங்களுக்குப் பணம் தேடித் தருவது ஆகிய இரண்டும் அதன் நோக்கங்கள். மைய அரசு வசூலித்து மாநிலங்களுக்கு அளிக்கும் வரியாக அது அமைந்தது. தொடக்கத்தில் பொதுவாக 1 லட்சம் ரூபாய் வரையிலும், இந்துக் கூட்டுக் குடும்பப் பங்குக்கு 50,000 ரூபாய் வரையிலும் தீர்வை இல்லை. உச்ச விகிதம் 40 சதவீதமாக இருந்தது. 1960களின் நடுவில் அது 85 சதவீதத்துக்கு உயர்ந்தது. 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு அவ்விகிதம் பொருந்தியது.

இறக்கும்போது வரி என்றால், இறப்பதற்கு முன் கொடுத்துவிடுவதே இயல்பான வழி. சட்டம் இயற்றியவர்கள் அதை எதிர்பார்த்தே இருந்தார்கள். இறப்புக்கு முந்திய இரண்டு ஆண்டுகளில் செய்த கொடை, கொடையே நிகழாததுபோல இறந்தவரின் சொத்தோடு சேர்க்கப்பட்டது. அறக்கொடைக்கு மட்டும் அக்காலம் ஆறு மாதம். பொருளியல் அறிஞர் நிக்கோலஸ் கால்டார் 1956இல் அளித்த அறிக்கையை ஒட்டிச் செல்வ வரியும் செலவு வரியும் 1957இல் வந்தன. மறு ஆண்டு நன்கொடை வரி வந்தது. டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகியிருந்ததால் அவ்வாண்டு வரவு-செலவுத் திட்டத்தை அளித்தவர் பிரதமர் நேரு. நன்கொடை வரியை முன்மொழிந்ததும் அந்த உரையே. ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட கொடைக்கு, கொடுப்பவர் வரி செலுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரே சொத்துக்கு நன்கொடை வரியும் எஸ்டேட் தீர்வையும் விழ நேர்ந்தால், முன்னது பின்னதில் கழித்துக்கொள்ளப்பட்டது.

உண்மையில் விட்டுக்கொடுத்தாரா?

இரண்டு ஆண்டுகளைக் கடந்துவிட்டால் கொடை பாதுகாப்பானது என்று பலர் எண்ணினர். அவ்வெண்ணத்தைத் தகர்த்தது மைசூர் மாநிலத்திலிருந்து எழுந்த ஒரு வழக்கு. 1967இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அவ்வழக்கு, ஜார்ஜ் டா கோஸ்டா எதிர் மைசூர் எஸ்டேட் தீர்வைக் கட்டுப்பாட்டாளர் என்னும் பெயரில் சட்ட மாணவர்க்கு இன்றும் அறிமுகமானது.

வழக்கின் விவரங்கள் எளியவை. 1940இல் கணவன், மனைவி இருவர் பெயரிலும் ஒரு வீடு வாங்கப்பட்டது. 1954 அக்டோபரில் இருவரும் அவ்வீட்டைத் தம் இரு புதல்வர்களுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தனர். புதல்வர்கள் தானத்தை ஏற்றுக்கொண்டு சுவாதீனம் பெற்றதாகப் பத்திரம் கூறியது. அதன்பின் நகராட்சி வரியைச் செலுத்தியவர்களும் புதல்வர்களே. ஆனால் பெற்றோர் வீட்டை விட்டுப் போகவில்லை. முன்போலவே அங்கு வாழ்ந்தனர். குடும்பத் தலைவராக வீட்டு நிர்வாகத்தைத் தந்தையே கவனித்து வந்தார். அவர் 1959 செப்டம்பர் 30 அன்று இறந்தார். தானம் செய்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தது. எனினும் வீட்டின் மதிப்பைத் தீர்வைக்கு உட்பட்ட சொத்தில் சேர்த்தது துறை. மைசூர் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் துறையின் நிலையையே ஏற்றன.

சட்டத்தின் 10ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. தானம் பெற்றவர் சொத்தைத் தம் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். கொடுத்தவரை அதிலிருந்து முற்றிலும் விலக்கியே வைத்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தாலோ வேறு வகையாலோ கொடுத்தவருக்கு யாதொரு நன்மையும் அதில் மிஞ்சக் கூடாது. இவற்றுள் ஒன்று தவறினாலும் தானம் தீர்வையிலிருந்து தப்பாது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, வீட்டில் யார் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் நீதிமன்றம் நோக்கியது.

சட்டத்தின் தர்க்கத்தில் குறை காண்பது எளிதன்று. பெயரை மட்டும் மாற்றிவிட்டுச் சொத்தைத் தாமே அனுபவிப்பவரிடம் தீர்வை கேட்பது நியாயமே. ஆனால் இந்நாட்டுக் குடும்ப வாழ்க்கையை அத்தர்க்கம் எண்ணிப் பார்க்கவில்லை. மகனுக்கு வீட்டைக் கொடுத்த தகப்பன் மகனோடு அதே வீட்டில் இருப்பதுதான் இங்கே வழக்கம். வீட்டைக் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கினால் மட்டுமே அது கொடை என்று ஒப்புக்கொள்ளும் சட்டத்தை, ஊர் வழக்கம் அறிந்த எவரும் இயல்பானதாகக் கருத மாட்டார்கள்.

நாடாளுமன்றமும் இதை உணர்ந்தது என்றே சொல்ல வேண்டும். 1959இல் நிகழ்ந்த மரணத்துக்கான அத்தீர்ப்பு வெளிவருவதற்கு முன்பே, 1965 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஒன்று இக்கடுமையைத் தளர்த்தியிருந்தது. துணைவர், மகன், மகள், உடன்பிறந்தார் ஆகியோருக்கு வீட்டைத் தானம் செய்தவர் அவ்வீட்டிலேயே தொடர்ந்து வசித்தார் என்ற ஒரே காரணத்தால் தீர்வை விழாது என்றது அத்திருத்தம். ஆனால் ஒரு விலக்கும் அதில் இருந்தது. தானப் பத்திரத்திலோ அதனோடு தொடர்புடைய வேறு ஏற்பாட்டிலோ அவருக்கு வசிக்கும் உரிமை ஒதுக்கப்பட்டிருந்தால் சலுகை இல்லை.

இந்த விலக்கின் விளைவு சிந்திக்கத் தக்கது. பெற்றோர் வீட்டில் இருக்கலாம்; இருப்பதற்கு உரிமை மட்டும் இருக்கக் கூடாது. வரி தெரிந்த வழக்கறிஞர் எவரும் அக்காலத்தில், பெற்றோர் ஆயுள் வரை வீட்டில் வசிக்கலாம் என்ற வரியைத் தானப் பத்திரத்தில் எழுதத் துணிந்திருக்க மாட்டார். அன்பினாலும் பாசத்தினாலும் எவ்வித நிபந்தனையுமின்றி முழு உரிமையோடு கொடுத்ததாக எழுதுவதே தீர்வைக்குத் தப்பும் வழி. இன்றும் பத்திர எழுத்தர்களின் மேசையில் உள்ள மாதிரிகளில் இவ்வாசகம் நிலைத்திருப்பதற்கு அந்த 20 ஆண்டுக் காலப் பழக்கமும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

தீர்வை ஏன் நீங்கியது?

1985 மார்ச்சில் வரவு-செலவுத் திட்டத்தை அளித்த விசுவநாத் பிரதாப் சிங், எஸ்டேட் தீர்வையின் ஆண்டு வருவாய் சுமார் 20 கோடி ரூபாயே என்றும், அதை நிர்வகிக்கும் செலவு ஒப்பளவில் மிகுதி என்றும் கூறினார். ஒரே சொத்துக்கு, உரிமையாளர் உயிருடன் இருக்கும்வரை செல்வ வரிச் சட்டமும் இறந்தபின் எஸ்டேட் தீர்வைச் சட்டமும் பொருந்துவது மக்களுக்கு வீண் தொல்லை என்பதும் அவர் காட்டிய காரணம். செல்வ ஏற்றத்தாழ்வைக் குறைத்தல், மாநிலங்களுக்கு உதவுதல் என்ற இரு நோக்கங்களும் நிறைவேறவில்லை என்று அரசே ஒப்புக்கொண்டது. 1985 மார்ச் 16 முதல் நிகழ்ந்த மரணங்களுக்குத் தீர்வை இல்லாமற் போயிற்று.

85 சதவீத விகிதம் இருந்தும் 20 கோடி மட்டுமே கிடைத்தது எதனால்? மிகப் பெரிய செல்வர்கள் கூட்டுக் குடும்பம், அறக்கட்டளை, கூட்டு வியாபாரப் பங்கு எனப் பல ஏற்பாடுகளை முன்கூட்டியே செய்துகொண்டனர். கூட்டுக் குடும்பப் பாகப்பிரிவினையில் ஒருவர் தம் பங்கைக் குறைவாக எடுத்துக்கொண்டு மற்றவர்க்கு அதிகம் விட்டாலும் அது நன்கொடை ஆகாது என்று 1971இல் சென்னையிலிருந்து சென்ற கெட்டிச் செட்டியார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பாகப்பிரிவினை புதிதாகச் சொத்தை மாற்றித் தருவதன்று, ஏற்கெனவே இருக்கும் பொது உரிமையைத் தனித்தனியாக்குவதே என்பது காரணம். சட்டநெறிப்படி சரியான முடிவுதான். வரி நிர்வாகத்துக்கு அது ஒரு பெரிய வாயிலைத் திறந்துவிட்டது.

மதிப்பீட்டுச் சிக்கலும் சிறிதன்று. இதற்குப் பெங்களூர் அரண்மனையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைக்காது. நகரின் நடுவே நானூறு ஏக்கருக்கு மேற்பட்ட அவ்விடத்தின் உரிமையாளரான ஜெயசாமராஜ உடையார் 1974இல் மறைந்தார். 1976இல் வந்த நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டப்படி, வரம்புக்கு மிஞ்சிய காலி நிலத்துக்கு அரசு தரக்கூடிய உச்ச இழப்பீடு 2 லட்சம் ரூபாய். அந்நிலத்தைச் செல்வ வரிக்கு எவ்வளவு என்று மதிப்பிடுவது? துறை கோடிகளில் மதிப்பிட்டது. குடும்பத்தார் 2 லட்சம் என்றனர். 1970களின் பிற்பகுதி முதல் 1980களின் நடுப்பகுதி வரையிலான கணக்குகளைப் பற்றிய இத்தகராறு 2015 செப்டம்பரில்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தீர்ப்பு 2 லட்சம் என்பதே. விற்கவும் இயலாத, உச்சவரம்புச் சட்டத்தின் பிடியில் உள்ள நிலத்துக்கு வேறு விலை கொடுக்க எவர் முன்வருவார் என்ற அடிப்படையில் அமைந்தது அது. செல்வ வரியையே நீக்குவதாக நிதியமைச்சர் அருண் ஜேட்லி அறிவித்ததும் அதே 2015இல்தான். 2013-14இல் அவ்வரியால் கிடைத்தது 1,008 கோடி ரூபாய்.

நன்கொடை வரி இதனிடையே 1987 முதல் ஒரே 30 சதவீத விகிதமாக எளிமையாக்கப்பட்டு, 1998 அக்டோபர் 1 முதல் செய்யப்படும் கொடைகளுக்கு நீக்கப்பட்டது.

வரி போனபின் வந்தவை

கொடைக்கு வரியில்லாத காலம் ஆறு ஆண்டுகூட முழுமையாக நீடிக்கவில்லை. 2004 செப்டம்பர் முதல், ஈடின்றிப் பெறும் பணம் பெறுபவரின் வருமானமாகக் கருதப்பட்டது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் கொடுப்பவரைப் பிடித்தது. இது பெறுபவரைப் பிடிக்கிறது. 2006 முதல் வரம்பு 50,000 ரூபாய். 2009 அக்டோபர் முதல் வீடு, மனை, பங்குகள், நகை முதலியனவும் இதில் அடங்கின. வரம்பைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டுமன்றி முழுத் தொகைக்கும் வரி உண்டு. ஆனால் உயில் வழியும் வாரிசுரிமை வழியும் வருவதற்கும், திருமணத்தின்போது மணமக்கள் பெறும் பரிசுக்கும், உறவினர் தரும் எதற்கும் வரி இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் இவ்வமைப்பைத் தொடர்கிறது.

உறவினர் என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள் ஊர் தரும் பொருளன்று. தாய்மாமன் மருமகளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் அவளுக்கு வரி இல்லை. பெற்றோருடன் பிறந்தார் அவளுடைய உறவினர் பட்டியலில் உள்ளனர். அதே மருமகள் பிற்காலத்தில் நன்றாகச் சம்பாதித்து, முதுமையில் வருந்தும் மாமனுக்கு ஒரு லட்சம் கொடுத்தால், மாமன் அதற்கு வருமான வரி செலுத்தக் கடமைப்பட்டவர். உடன்பிறந்தார் மக்கள் அவருடைய பட்டியலில் இல்லை. சித்தப்பா பெரியப்பா மக்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வதற்கும் இச்சலுகை கிடையாது. குடும்ப அமைப்பை அறிந்தவர் இயற்றிய பட்டியல் என்று இதைச் சொல்ல முடியாது.

இச்சலுகையின் பரப்பைக் காட்டும் நிகழ்ச்சி பெங்களூரிலேயே நடந்தது. 2024 மார்ச்சில் இன்போசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி தம் பேரக்குழந்தைக்கு 15 லட்சம் இன்போசிஸ் பங்குகளைக் கொடையாக அளித்தார். சந்தை விலையில் அவற்றின் மதிப்பு 240 கோடி ரூபாய் அளவு. பாட்டன் நேர்வழி முன்னோர் ஆதலால் இத்தகைய கொடைக்கு இந்தியச் சட்டத்தில் வரி இல்லை. 1998க்கு முந்திய 30 சதவீத விகிதத்தைப் பொருத்திப் பார்த்தால் ஏறத்தாழ 72 கோடி ரூபாய் நன்கொடை வரியாகியிருக்கும். இதற்கு முற்றிலும் வேறான வழியில் சென்றவர் விப்ரோ நிறுவனத்தின் அசீம் பிரேம்ஜி. 2019 மார்ச்சில் அவர் மேலும் 34 சதவீதப் பங்குகளின் பயனை அறப்பணிக்கு ஒதுக்கியபோது, அவ்வாறு ஒதுக்கப்பட்டது மொத்தம் 67 சதவீதம் ஆயிற்று. மரண வரியோ நன்கொடை வரியோ அவரை அவ்வாறு செய்யத் தூண்டவில்லை. அப்போது இரண்டும் இல்லை. வரி இருந்தால்தான் செல்வர் அறம் செய்வர் என்ற வாதத்துக்கும், வரி இல்லாவிடில் எல்லாரும் அறம் செய்வர் என்ற நம்பிக்கைக்கும் ஒரே நகரம் மறுப்புத் தருகிறது.

2024 பொதுத் தேர்தலின்போது மரபுரிமை வரி பற்றிய விவாதம் மீண்டும் எழுந்தது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் எஸ்டேட் தீர்வைக்கான அதிகாரம் இன்றும் இருக்கிறது. விவசாய நிலத்தைப் பொறுத்தவரை மாநிலங்களிடமும், மற்றவற்றுக்கு மைய அரசிடமும் இருக்கிறது. பிரிட்டனில் 3,25,000 பவுனுக்கு மேற்பட்ட சொத்துக்குப் பொதுவாக 40 சதவீத மரபுரிமை வரி உண்டு. கொடுத்தவர் தொடர்ந்து அனுபவிக்கும் கொடையை இறந்தவர் சொத்தாகவே கொள்ளும் விதியும் 1986 முதல் அங்கே இருக்கிறது. இங்கே மீண்டும் இவ்வரி வருமாயின், 1967இன் கேள்வி முதல் நாளே திரும்ப எழும்.

இன்றைய குடும்பம் கணக்கிட வேண்டியவை

மரண வரி இல்லாத நாட்டில், வரிக்கு அஞ்சி உயிருடன் இருக்கும்போதே சொத்தைக் கொடுக்க வேண்டிய தேவை இல்லை. இது வெளிப்படை. ஆயினும், பின்னால் பெரிய வரி வரும், இப்போதே மாற்றிவிடுங்கள் என்ற அறிவுரை குடும்பங்களில் இன்னும் கேட்கிறது.

வரி எங்கே இருக்கிறது என்பதை அறிந்துகொண்டால் இவ்வறிவுரையின் தகுதி விளங்கும். முதலாவது, கொடுத்த சொத்தின் வருமானம். மனைவிக்கோ மருமகளுக்கோ வாடகை வீட்டைத் தானம் செய்தால், வாடகை கொடுத்தவரின் வருமானத்தோடே சேரும். வயது வராத குழந்தையின் பெயரில் இருந்தால், தாய் தந்தையருள் அதிக வருமானம் உள்ளவரின் கணக்கில் சேரும். வயது வந்த மகனுக்கோ மகளுக்கோ கொடுத்தால் மட்டுமே அது அவர்களுடையது.

இரண்டாவது, விற்கும்போது விழும் மூலதன ஆதாய வரி. இதைப் பலர் கருதுவதே இல்லை. தானமாக வந்தாலும் உயிலால் வந்தாலும், பெற்றவரின் கொள்முதல் விலை என்பது முன்னவர் கொடுத்த விலையே. 1980இல் தகப்பனார் 1 லட்சம் ரூபாய்க்கு ஜெயநகரில் வாங்கிய வீடு, 2001 ஏப்ரல் 1 அன்று 15 லட்சம் பெற்றது என்று கொள்ளலாம். 2020இல் உயிலால் அதைப் பெற்ற மகள் 2025 இறுதியில் 2 கோடிக்கு விற்கிறாள். 2001க்கு முன் வாங்கிய சொத்துக்கு அந்நாளின் மதிப்பை எடுத்துக்கொள்ளலாம் என்பதால் ஆதாயம் 185 லட்சம். 2024 ஜூலையில் வந்த 12.5 சதவீத விகிதப்படி வரி 23 லட்சத்துக்கு மேல். கூடுதல் வரிகள் தனி. அமெரிக்காவில் இறந்த நாளின் சந்தை மதிப்பே பொதுவாக வாரிசின் கொள்முதல் விலையாகிவிடும். அதுவரை வளர்ந்த ஆதாயம் கணக்கிலிருந்து மறையும். இங்கே மரணம் எந்த ஆதாயத்தையும் அழிப்பதில்லை. 2001இன் மதிப்புக்கான ஆவணம் தேடி எடுத்து வைப்பது, அவசரமாகத் தானப் பத்திரம் எழுதுவதைவிடக் குடும்பத்துக்குப் பயன் தரும்.

மூன்றாவது, முத்திரைத் தீர்வை. குடும்பத்தினருக்குள் செய்யும் தானத்துக்குக் கர்நாடகம் சலுகை தருகிறது. உயிலுக்கோ முத்திரைத் தீர்வையே இல்லை, பதிவும் கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் வேண்டும். உயிலை எத்தனை முறையும் மாற்றலாம். பதிவான தானத்தை மனம் மாறியதற்காக மட்டும் திரும்பப் பெற இயலாது.

பெண் மக்களின் உரிமையையும் இங்கே குறிப்பிட வேண்டும். மணமாகாத மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்த கர்நாடகத் திருத்தம் 1994இல் நடைமுறைக்கு வந்தது; 2005இன் மையத் திருத்தம் மணமானவர் உட்பட எல்லா மகளிருக்கும் அதை விரித்தது. தகப்பன் மகனுக்குக் கொடுக்கும் சொத்து அவர் தாமே தேடியதா, பூர்வீகமா என்பது ஆகவே முதற்கேள்வி. அன்பினால் கொடுத்தேன் என்பது பூர்வீகக் கூட்டுச் சொத்தைத் தானம் செய்யப் போதிய காரணமாகாது என்று, 2022 ஏப்ரலில் கர்நாடகத்திலிருந்து சென்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

பெற்றோரின் உறைவிடம்

எல்லாவற்றினும் பெரிய இடர் வரியில் இல்லை. வீட்டை எழுதிக் கொடுத்தபின் அவ்வீட்டில் பெற்றோரின் நிலை என்ன என்பதில் இருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் வந்தது. தம்மைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்தவர் சொத்தைக் கொடுத்து, பெற்றவர் அதை நிறைவேற்றாவிடில், அம்மாற்றத்தைச் செல்லாதென அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு 23ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. ஆனால் நிபந்தனை இருந்ததா என்பதே வழக்கின் உயிர். அந்நிபந்தனை இருந்ததென நிறுவப்படாவிடில் பிரிவு பொருந்தாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் மற்றொரு வழக்கில், தானத்தோடு எழுதப்பட்ட தனி உறுதிமொழியையும் கருத்திற்கொண்டு, இச்சட்டத்தை முதியோருக்கு நன்மை தரும் வகையில் விரிவாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறித் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது.

1965இன் வரித் திருத்தம் எந்த வாசகத்தைத் தவிர்க்கச் செய்ததோ, அதே வாசகத்தை இச்சட்டம் தேடுகிறது. வசிக்கும் உரிமையைப் பத்திரத்தில் எழுதினால் அன்று தீர்வை விழுந்தது. எழுதாவிட்டால் இன்று வீடு போகிறது. கொடுத்தவர் தம் ஆயுள் வரை அனுபவித்துக்கொள்ளும் உரிமையை வைத்துக்கொண்டு செய்த தானமும் செல்லும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சொத்து மாற்றுச் சட்டப்படி பதிவும், ஏற்பும், சாட்சிகளும் இருந்தால் போதும். சுவாதீனத்தை ஒப்படைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. டா கோஸ்டா வழக்கில் தீர்வைக்குக் காரணமான அதே நிலை, இன்று எவ்விதத் தண்டமுமின்றிப் பத்திரத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளத்தக்கது.

கர்நாடகத்தில் பராமரிப்புத் தீர்ப்பாயத்துக்குத் தலைமை வகிப்பவர் வருவாய் உட்கோட்டத்தின் உதவி ஆணையர். நிலப் பதிவு, கத்தா மாற்றம் முதலியவற்றைப் பார்க்கும் அதே நிர்வாகத்தின் அலுவலர் அவர். வீட்டை இழந்த முதியவர் அவர்முன் வரும்போது கையில் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரு தானப் பத்திரத்தின் நகலே. அதில் ஆயுள்கால வசிப்புரிமை பற்றி ஒரு வரி இருந்தால் விசாரணை எளிதாகிறது. அன்பினாலும் பாசத்தினாலும் நிபந்தனையின்றி என்ற பழைய வாசகம் மட்டுமே இருந்தால், முதியவரின் வாய்மொழியையும் குடும்பச் சூழ்நிலையையும் கொண்டு, எழுதப்படாத நிபந்தனை ஒன்று இருந்ததா என அவர் ஆராய வேண்டியிருக்கிறது.